மஞ்சள் படாத நாடா

1. குவளை

வெள்ளை நாடாவைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் இன்னும் வெளுக்கும். எங்கள் நாடா சிவந்தது. ராணுவத்துக்கென்று நாங்கள் நெய்த முதல் லாட் அது. ஆய்வுக்கு வந்தவர் செய்த சலவைச் சோதனையில், அவர் எதிரில், ஷெட்டில் வேலை செய்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடிக் குவளைக்குள் புள்ளி புள்ளியாகச் சிவந்தது.

நான் அங்கே செக்கிங் இன்சார்ஜ். தறியிலிருந்து இறங்கும் ரோலை விளக்கு வைத்த மேசைமேல் ஓடவிட்டு, இழை அறுந்திருக்கிறதா, கரை நெளிந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அந்த லாட்டில் எல்லா ரோலும் என் கண்ணைத் தாண்டித்தான் போனது. எதிலும் கறை இல்லை. திருத்தணி மலைக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஆய்வுக்கு வந்தவரை நாங்கள் சுபேதார் சார் என்போம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பிறகு ராணுவத்துக்கு வாங்கும் பொருள்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்தவர். குடியாத்தம் பக்கத்துக்காரர். எங்கள் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் கேரியரைக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிரித்துச் சாப்பிடுவார்.

அவர் குவளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாம்மா இது?"

"தெரிலீங்க சார். போடறப்ப வெள்ளையாத்தான இருந்துச்சு" என்றேன்.

"அதான் நானும் பாத்தனே" என்றார்.

2. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை

எங்கள் ஷெட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது. முதலாளி ஜெயவேலு என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். அவருடைய அப்பா காலத்தில் அங்கே சேலைத் தறிகள் ஓடின. வடக்கிலிருந்து மலிவுச் சேலை வண்டி வண்டியாக வந்து இறங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. பாதித் தறிகளில் சிலந்தி கூடு கட்டியது.

சிறு தொழில்காரர்களிடமிருந்து ராணுவம் நாடா வாங்குகிறது என்று ஜெயவேலு எங்கோ தெரிந்துகொண்டு வந்தார். களத்தில் அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது நழுவாமல் கட்டுகிற பருத்தி நாடா. பழைய தறிகளை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, நாடா நெய்யும் நீடில் லூம்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஓட்ட ஆள் வேண்டுமே. அதற்கு ஏகாம்பரம் வந்தார்.

ஏகாம்பரம் என் அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுவேன். தறி மேஸ்திரி. எங்களுக்கெல்லாம் சொந்த ஊர் அம்மையார்குப்பம். அங்கே வீடு வீடாகப் போய், "சேலைய நம்பிக்கினு எத்தினி நாள் இருப்பீங்க? என்ன நம்பி வாங்க" என்று சொல்லி ஆள் சேர்த்தவர் அவர்தான். கைத்தறியை ஓரம் கட்டிவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு. வேலை நின்றால் அவர்கள் ஜெயவேலுவைத் தேடிப் போக மாட்டார்கள், ஏகாம்பரத்தின் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ராணுவத்திலிருந்து முதலில் ஆர்டர் வரவில்லை, சுபேதார் சார் மூலம் கேள்விகள்தான் வந்தன. நூல் எந்த மில், எந்தப் பொதி, எந்தத் தறியில் எந்த ஷிப்டில் யார் ஓட்டியது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதுவரை எங்கள் தறிகளுக்கு எண் கிடையாது. வாசல் தறி, மூலைத் தறி, தொல்லை தறி என்றுதான் சொல்வோம்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கலக்கா" என்றார் ஜெயவேலு.

பிறகு சீல் வைத்த ஒரு துண்டு நாடா வந்தது. அதுதான் மாதிரி. அகலம், கனம், இழுத்தால் தாங்கும் பலம் எல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டும். சேலை வியாபாரி துணியைக் கையால் தடவிப் பார்த்து, "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போவான். இவர்கள் கருவி வைத்து அகலம் பார்த்தார்கள். ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை. "எங்க நைனா காலத்துலேர்ந்து தறி ஓட்டிக்கினு இருக்கறன். எனுக்கே ஸ்கேலா?" என்று முறைத்துக்கொண்டார். ஆனாலும் வீம்புக்காவது மாதிரியைவிடச் சுத்தமாக நெய்து காட்டினார்.

விதி இதுதான். முதல் லாட் தேற வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். திரும்பிப் போகப் பழைய தறியும் இல்லை.

3. ஆரத்தித் தண்ணீர்

சுபேதார் சார் குவளைக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"நீங்கள்லாம் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லியா? ஆரத்தித் தண்ணிம்மா இது. மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா இன்னா ஆவும்? சோப்பும் சோடாவும் அதே வேலையத்தான் செய்யும். மஞ்சள் எங்கேர்ந்து வந்துச்சு?"

எல்லாருடைய கண்ணும் ஏகாம்பரத்தின் மேல் போய் நின்றது.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று உண்டு. நீளவாக்கு நூல் முழுக்கச் சுற்றிய உருளையை பீம் என்போம். புது பீமைத் தறியில் ஏற்றும்போது கற்பூரம் காட்டி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் முதல் இழையைத் தொடுவார்கள். கைத்தறியில் செய்ததை விசைத்தறியிலும் செய்தோம், நீடில் லூமிலும் செய்தோம். ராணுவ வேலை ஆயிற்றே என்று ஏகாம்பரம் இரண்டு கை அதிகமாகவே தெளித்திருந்தார். தண்ணீரில் கரைத்த மஞ்சள். காய்ந்தபின் என் மேசை விளக்குக்கும் தெரியவில்லை, மாதிரியோடு ஒட்டிப் பார்த்தபோதும் தெரியவில்லை.

ஜெயவேலு கெஞ்சினார். "சாமி மஞ்சள் சார். விஷமா அது? வூட்ல புண்ணுக்கே மஞ்சள்தான சார் வெக்கிறோம்?"

சுபேதார் சார் குவளையைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"நாடா எதுக்கு வெள்ளையா கேக்கறாங்க, தெரியுமா ஜெயவேலு? அடிபட்டவன ஸ்ட்ரெச்சர்ல கட்டி எடுத்துக்கினு வருவாங்க. அவன் பேசற நெலமைல இருக்க மாட்டான். டாக்டர் மொதல்ல நாடாவத்தான் பாப்பாரு. எங்க செவப்பு தெரியுதோ அங்க கைய வெப்பாரு. தொவச்ச நாடால உன் சாமி மஞ்சள் செவந்து நின்னா, டாக்டர் அந்த எடத்துல தேடிக்கினு இருப்பாரு. ரத்தம் வேற எடத்துல போய்க்கினு இருக்கும். நான் அந்த மாதிரி ஆளத் தூக்கிக்கினு ஓடியிருக்கன்யா."

லாட் ரிஜெக்ட். ரோல் ஒவ்வொன்றிலும் முத்திரை விழுந்தது. கிளம்பும்போது சுபேதார் சார், "அடுத்த தபா ஷெட்டுக்குள்ள மஞ்சள் வாசனையே வரக்கூடாது. நெய்யறது நல்லாத்தான் நெய்யறீங்க" என்றார். ஆறுதல் சொன்னாரா, மிரட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4. வெயில்

மறுநாள் காலையில் ஜெயவேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, துணியில பட்ட மஞ்சக்கறை வெயில்ல போட்டா போயிடுமில்ல?"

போய்விடும். துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு துண்டை வெட்டிக் கொடியில் காயப்போட்டார். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அதே துண்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தீங்களா! ரோல எல்லாம் பிரிச்சி காயப்போட்டு, மறுபடி சுத்தி, புது சீட்டு ஒட்னா யாருக்குத் தெரியும்? புதுசா நெய்ஞ்சதுன்னு காட்டிடலாம்."

"புது சீட்டு நான் ஒட்ட மாட்டேன் தம்பி" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அதற்குள் ஏகாம்பரம் வந்துவிட்டார். வெறும் கொடியைப் பார்த்தார், குவளைக்குள் இருந்த துண்டைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"வேணாம் மொதலாளி."

"மேஸ்திரி, வந்த வெனையே உங்க மஞ்சளால வந்தது. தப்பிக்க ஒரு வழி சொன்னா அதுவும் வேணாமா?"

"இத்தினி ரோல்ல எங்கனா ஒரு மடிப்புல வெயில் படாம நின்னுப்போச்சின்னா? அந்த ஒரு சாண் எவன் மேல போயி கட்டுவாங்க? அந்தாளு நேத்து சொன்னதக் கேட்டதுலேர்ந்து எனுக்கு சோறு எறங்கல."

"சரி. அப்ப புதுசா நெய்ங்க. மஞ்சள் தெளிக்காம பீம் ஏத்துங்க பாக்கலாம்!"

ஜெயவேலு ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனாலும் அது சொல்லக்கூடாத வார்த்தை. மஞ்சள் இல்லாமல் எங்கள் ஆட்கள் தொடும் காரியம் ஒன்றுதான், அது சாவு வீட்டுக் காரியம். ஏகாம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வர மாட்டார் என்றே நினைத்தேன். அவர் வராவிட்டால் அம்மையார்குப்பத்து ஆட்கள் ஒருவரும் வர மாட்டார்கள்.

5. மொட்டைத் தலை

அடுத்த நாள் விடியற்காலையில் அக்கா போன் செய்தாள். "உங்க பாவா புது பீம் நூல்ல ஒரு பிடி அறுத்து மடியில கட்டிக்கினு மலைக்குப் போயிகீறாருடி. ஒண்ணும் சொல்லல. நீ கொஞ்சம் பாத்துக்கோ."

பத்து மணி வாக்கில் கேட்டருகே வந்து நின்றார். மொட்டை. தலை நிறையச் சந்தனம். கையில் அந்த நூல் பிடி, மஞ்சளில் முக்கி எடுத்திருந்தார். நேராக வேப்பமரத்துக்குப் போய்க் கிளையில் அதைக் கட்டிவிட்டுக் கும்பிட்டார்.

"மஞ்சள மரத்துலயே வெச்சிட்டன். முருகன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டன். இனிமே எல்லா பீமுக்கும் இப்படித்தான், ஒரு பிடி நூல் மரத்துக்கு வந்துடும். உள்ள வேணாம். நட, பீம் ஏத்தலாம்" என்றபடி உள்ளே காலை வைத்தார்.

ஆனால் அவர் தலை என் கண்ணை உறுத்தியது.

"பாவா, நில்லுங்க."

"இன்னாம்மா?"

"சந்தனம். அதுவும் மஞ்சளாத்தான கீது. வழிஞ்சி நூல்ல பட்டா இன்னா பண்றது?"

என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். எங்கள் அக்காவைக் கட்டிய இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. "சாமி பிரசாதத்த கழுவச் சொல்றா பாரு, மச்சினிச்சி!" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே போய், வாசல் குழாயில் தலையைக் காட்டிக் கழுவினார். வேலைக்கு வந்து வாசலில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ரோல்களில் முத்திரை விழுந்த பிறகு ஷெட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரும் சொல்லவில்லை. அந்தக் குழாயடியில்தான் பிறகு பெரிய தொட்டி கட்டி, சோப்பு வைத்து, கை கழுவிவிட்டு உள்ளே வரவும் என்று கதவில் எழுதி ஒட்டினோம்.

எல்லாம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முகத்துக்கு மஞ்சள் பூசி வரக்கூடாது என்றதும் முணுமுணுப்பு. "தாலிக் கயிறும் மஞ்சள்தான், அதையும் அவுக்கச் சொல்வீங்களா?" என்று ஒரு பெண் நேராகவே கேட்டாள். கழுத்து வரை மூடிய கோட்டுத் தைத்துக் கொடுத்தோம். தாலி உள்ளே பத்திரமாக இருந்தது, நாடா வெளியே பத்திரமாக இருந்தது. முதல் நாளே ஒரு தறியில் கரை பிய்ந்து பிய்ந்து வந்தது. "மஞ்சள் வெக்கல இல்ல, அதான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஏகாம்பரம் தறியை நிறுத்தி, தேய்ந்த ஊசியைக் கழற்றி எல்லாருக்கும் காட்டினார். "ஊசி தேஞ்சா சாமி இன்னா பண்ணும்? போயி வேலையப் பாரு" என்றார். சொல்லிவிட்டு வேப்பமரம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆய்வுக்கு சுபேதார் சார் மலையில் தரிசனம் முடித்துவிட்டு வந்தார். நெற்றியில் விபூதி, விரலில் குங்குமம்.

"சார், கை" என்றேன்.

"எனுக்கேவா?" என்றவர், தொட்டியைப் பார்த்தார், கதவில் இருந்ததைப் படித்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவினார். உள்ளே எந்த ரோலில் எங்கே வெட்ட வேண்டும் என்று அவரே காட்டினார். நான் வெட்டினேன். சோப்பு, சோடா, கொதிக்கிற தண்ணீர். குவளை வெள்ளையாகவே இருந்தது. ஆறும்வரை வெள்ளையாகவே இருந்தது. "டீக் ஹை, சரியா கீது" என்றார். ஏகாம்பரம் அங்கே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தேறாத முதல் லாட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டிலுக்குப் பின்னும் நாடாவாக உள்ளூரிலேயே விற்றுப் போயிற்று. ஆர்.கே.பேட்டையில் பாதிப் பேர் இன்றும் அதன்மேல்தான் தூங்குகிறார்கள். அதைவிடக் கெட்டியான கட்டில் நாடா இந்த வட்டாரத்தில் கிடையாது.

6. பேனரில் இல்லாத நாடா

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தொழில் வளர்ச்சியில் ராணுவத்தின் பங்கு என்று தலைப்பு. பேனரில் டாங்கி, விமானம், ராக்கெட் எல்லாம் இருந்தன. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவற்றைப் பற்றித்தான் பேசினார்கள். நான் போய்க் குவளைக் கதையைச் சொன்னேன்.

ஒரு மாணவி எழுந்து, "ராணுவத்துக்குச் செலவு பண்றத பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு செலவு பண்ணிருந்தா இதைவிட நெறைய தொழில் வளர்ந்திருக்குமே மேடம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியாது, அதையே சொன்னேன். ராணுவத்தை நம்பி மட்டும் தொழில் செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு காலம் ஆர்டரே வரவில்லை. தறிகள் நின்றன. அம்மையார்குப்பத்து ஆட்கள் ஏகாம்பரத்தின் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது எங்களைத் தாங்கியது அந்தத் தொட்டிதான். ஆஸ்பத்திரிச் சாமான் செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் நாடா தேடி வந்தார்கள். கேட்டில் கையைக் கழுவச் சொன்னோம். எந்த ரோல் எந்தத் தறியில் ஓடியது என்று கேட்டார்கள், உடனே சொன்னோம். கோட்டுப் போட்டு நிற்கும் பெண்களைப் பார்த்தார்கள். "இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். "பட்டாளத்துக்காரங்க" என்றார் ஜெயவேலு, கொஞ்சம் பெருமையாகவே. அடுத்து பள்ளிக்கூடப் பைக்கு வார் கேட்டு வந்தார்கள், பிறகு வண்டிகளில் சரக்குக் கட்டும் பட்டைக்கு வந்தார்கள். இன்று ஷெட்டு பெரிதாகிவிட்டது. ராணுவ வேலை அதில் ஒரு மூலையில் ஓடுகிறது.

வேலைக்கு வரும் இளம்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் செய்கிற பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது, அவன் அதை எந்த நிலைமையில் பார்ப்பான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியும்வரை எங்களுக்கு அது வெறும் வெள்ளை நாடா, சுபேதார் சார் வெறும் கெடுபிடி ஆள். தெரிந்த பிறகு எங்களுக்கு மேற்பார்வை தேவைப்படவில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் டிவியில் எங்கோ வெள்ளம் என்று காட்டினார்கள். இடுப்பளவு தண்ணீரில் ராணுவ வீரர்கள் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். மார்புக்கு மேலே ஒன்று, முழங்காலுக்கு மேலே ஒன்று, நாடா கட்டியிருந்தார்கள். அக்காவும் பாவாவும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் நின்றேன்.

"பாவா, நம்முளுதா அது?"

அவருக்கு இப்போது பார்வை அவ்வளவாகத் தெரிவதில்லை. நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருக்குத் தெரியும்? வெள்ளையா கீதா?"

"ஆங், வெள்ளையாத்தான் கீது."

"எங்கயும் செவப்பு இல்லியே?"

"இல்ல பாவா."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.